வெள்ளைத் தொப்பியின் கை

அச்சுப் பிரிவில் கிரேன் ஏணியின் அடியில் ஒரு தகரப் பலகை தொங்கியது. சிவப்புப் பெயின்ட்டில், கொஞ்சம் கோணலான கையெழுத்தில், ஒரே ஒரு வரி: "வெள்ளைத் தொப்பியின் கை ஒன்றே கை." அங்கே வேலைக்குச் சேருகிற எவரும் முதல் நாள் அந்தப் பலகை முன்னால் நின்று மூன்று தரம் உரக்க வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் தலைக்குத் தொப்பி. ஹெல்மெட் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, தொப்பிதான். தொழிலாளிக்கு மஞ்சள், மேற்பார்வையாளருக்கு வெள்ளை.

விஷயம் இதுதான். தகட்டை இரும்பு அச்சில் அழுத்தி வடிவம் கொடுக்கிற இயந்திரங்கள் பதினாறு அந்தக் கூடத்தில் ஓடின. அவற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் திட்டினால்கூட வாழ்த்துகிறானோ என்று சிரித்து வைக்க வேண்டியதுதான். வாக்கிடாக்கி கொடுத்துப் பார்த்தார்கள். வறுகடலை சட்டியில் பொரிகிற சத்தம்தான் கேட்டது. ஆகவே அச்சுகளைத் தூக்கி மாற்றுகிற கிரேனுக்குக் கை ஜாடை. ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டம் போட்டால் "தூக்கு". இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கை தரையைப் பார்க்க ஆட்டினால் "உடனே நில்". புரிந்துகொண்டதற்கு அடையாளமாகக் கிரேன் ஓட்டுநர் காலால் ஒரு மணியை மிதிப்பார். அந்த மணி மட்டும் எந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு கேட்கும்.

முப்பதடி உயரத்தில் கூண்டுக்குள் இருப்பவருக்குக் கீழே யாருடைய முகமும் தெரியாது. தொப்பிகள்தான் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று விதமாகக் கை காட்டப்போய், மூத்த மேற்பார்வையாளர் இடது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். கட்டுப் போட்ட கையோடு வந்து, மிச்சமிருந்த கையால் அந்தப் பலகையை அவரேதான் எழுதினார்.

இந்தக் கூடத்துக்கு முதல் பெண் மேற்பார்வையாளராக வந்தவளை எல்லாரும் அண்ணி என்று கூப்பிட்டார்கள். கிரேன் ஓட்டுகிறவன் அவள் கணவனின் தம்பி. அவன் அண்ணி என்று கூப்பிட, கூடமே அவளுக்குக் கொழுந்தன் ஆகிவிட்டது. ஒன்பது வருஷம் அவள் அங்கேயே தகடு அடுக்கி, எண்ணெய் துடைத்து, கடைசி நான்கு வருஷம் அச்சுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலையும் பார்த்தவள். நான்கு டன் இரும்பு அச்சு எந்தப் பக்கம் சாயப் போகிறது என்பதை அது சாயும் முன்பே சொல்லிவிடுவாள்.

தலைமை அலுவலகம் "சரிபாதி" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஐந்து வருஷத்தில் மேற்பார்வைப் பொறுப்புகளில் பாதி பெண்களுக்கு. அதைப் பார்த்துக்கொண்டவர் மனிதவளப் பிரிவின் மேடம். நல்லவர். குறை சொன்னால் நாக்கு அழுகும். அதுவரை பெண்கள் கழிப்பறைக்கு அலுவலகக் கட்டடம் வரை ஏழு நிமிஷம் நடக்க வேண்டும். மேடம் சண்டை போட்டு கூடத்தை ஒட்டியே ஒன்று கட்ட வைத்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் ஸ்டோர்காரருக்காக உணவுக்கூடத்தில் சாய்தளம் போட வைத்தார். முதலில் அண்ணிக்கு மூன்று மாதச் சோதனைப் பணி. அது நன்றாக முடிந்தால் பின்னாலேயே பதினொரு பெண்கள் வருவதாக ஏற்பாடு. பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது.

"சரிபாதின்னா, நாலு டன்னுல ரெண்டு டன்னை அவங்க தூக்குவாங்களா?" என்று சாப்பாட்டு வேளையில் சங்கிலி மாட்டுகிறவர் கேட்டார்.

"தூக்கறேன். மீதி ரெண்டை நீங்க தூக்குங்க, பாக்கலாம்" என்றாள் அண்ணி. கூடம் சிரித்தது. சங்கிலிக்காரரும் சிரித்தார். அதற்கப்புறம் அவர் அவளைச் சீண்டவில்லை.

பொறுப்பேற்ற அன்று மேடம் ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே ரோஸ் நிறத் தொப்பி. "உங்களுக்காகவே செய்ய வச்சது. பெண்கள் தலை அளவுக்கு. இனிமே வர்ற பெண் மேற்பார்வையாளர் எல்லாருக்கும் இதே. தூரத்துல பாத்தாலே பெருமையா இருக்கணும்!"

அண்ணி போட்டுப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக மஞ்சள் தொப்பிக்குள் துணியைச் சுருட்டி வைத்து ஒப்பேற்றியவளுக்கு, முதல் முறையாகத் தலையை அசைத்தால் கூடவே தொப்பியும் அசைந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே பலகையின் வரி ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. சொல்லவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

மறுநாளே சங்கதி தெரிந்துவிட்டது. அவள் விரலை நீட்டி வட்டம் போட்டாள். கிரேன் அசையவில்லை. மறுபடி போட்டாள். மேலே கூண்டிலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்துப் பலகை இருந்த திசையைக் கையால் காட்டினான். அது கேலியில்லை, சட்டம். கண்ணாடிக்காரர் அருகே வந்து தன் மூன்று விரல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையை உயர்த்தி அதே வட்டத்தைப் போட்டார். மணி அடித்தது. அச்சு எழுந்தது.

"இதை மேலிடத்துல சொல்லணும்மா" என்றார் அவர்.

"சொல்லலாம் சார். மூணு மாசம் முடியட்டும். வந்ததும் வராததுமா குறை சொன்னா, இதுக்குத்தான் பொம்பளைங்களை வைக்கறதில்லைம்பாங்க."

இப்படியாக ஏழு வாரம் ஓடியது. எந்தச் சங்கிலி, எவ்வளவு உயரம், எப்போது நிறுத்தம் எல்லாம் கண்ணாடிக்காரர் காதருகே அவள் சொல்வாள். பக்கத்தில் நின்று அவர் கையை உயர்த்துவார். மூளை அவளுடையது, கை இரவல். வேலை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அதனாலேயே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

எட்டாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் வந்தார். கூடவே ஆறு பேர், ஒரு போட்டோக்காரர். வந்தவர்கள் எல்லாருக்கும் வாசலில் தொப்பி கொடுத்தார்கள். பெரிய மனிதர்களுக்கு மஞ்சளா கொடுப்பது? பளபளவென்று புது வெள்ளை.

மேடம் முன்கூட்டியே வந்து இடம் பார்த்தார். "இங்கதான் படம். அண்ணி கை காட்டறாங்க, பின்னாடி அச்சு மேல போகுது." பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்து, "சார், நீங்க மட்டும் அஞ்சு நிமிஷம் அந்தத் தூண் பக்கம் நின்னுக்குங்க. படத்துல அவங்க மட்டும் இருந்தாத்தான் நல்லாருக்கும்."

"நான் பக்கத்துல நின்னாத்தான் மேடம்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"ஏன்? ஏழு வாரமா அவங்கதானே செய்யறாங்க?"

கண்ணாடிக்காரர் அண்ணியைப் பார்த்தார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆனால் ஏழு வாரமாக என் கைக்கு ஒரு கிரேன்கூட நகரவில்லை என்று, டைரக்டர் வாசலில் நிற்கும்போது, எந்த வாயால் சொல்வது? அவள் தரையைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் மெல்லத் தூணுக்குப் போனார்.

அண்ணி ஓட்டமும் நடையுமாக ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் தலையை நீட்டினாள்.

"தம்பி, இன்னிக்கு ஒரே ஒரு தூக்கு. என் கையைப் பாரு."

"பலகை?"

"ஒரு தடவைதான்டா. படம் எடுத்ததும் கீழ இறக்கிடலாம்."

கொழுந்தன் யோசித்தான். அவன் பதினொரு வருஷமாக அந்த வரியை மீறியதில்லை. பிறகு சிரித்தான். "சரி அண்ணி, உங்களையே பாத்துட்டிருக்கேன். மேல இருந்து பாத்தா நீங்க ஒருத்தர்தான் ரோஸ். கண்ணுல படாம எங்க போயிடுவீங்க?"

டைரக்டரும் மற்றவர்களும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அரை வட்டமாக நின்றார்கள். அண்ணி விரலை உயர்த்தி வட்டம் போட்டாள். மணி அடித்தது. ஏழு வாரத்தில் அவள் கைக்கு அடித்த முதல் மணி. அச்சு தள்ளுவண்டியிலிருந்து சாண் சாணாக மேலே வந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

முழங்கால் உயரத்தில் அவள் அதைப் பார்த்தாள். நான்கு சங்கிலிகளில் எதிர்மூலைச் சங்கிலியின் கொக்கி வளையத்துக்குள் முழுதாக உட்காரவில்லை. நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. அந்த மூலைக்குப் பக்கத்தில் சங்கிலிக்காரர் குனிந்து நின்றார்.

அண்ணி இரண்டு கையையும் விரித்தாள். உள்ளங்கை கீழே. உடனே நில்.

மணி அடித்தது.

அவள் மூச்சு விட்டாள். ஒரு நொடிதான். அச்சு நிற்கவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது. அவள் கைகளை இன்னும் வேகமாக ஆட்டினாள். கத்தினாள், அந்தச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. அப்போதுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். டைரக்டர் தன் வெள்ளைத் தொப்பிக்கு மேலே ஆள்காட்டி விரலை உயர்த்தி, போட்டோக்காரரிடம் "எல்லாரையும் சேர்த்து ஒரு சுற்று எடுப்பா" என்பதுபோல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தூக்கு, தூக்கு, தூக்கு.

இடுப்பு உயரத்தில் கொக்கி நழுவியது. அச்சு ஒரு பக்கம் தொங்கி, திரும்பி, இன்னொரு சங்கிலியையும் உதறிவிட்டுத் தள்ளுவண்டி மேல் விழுந்தது. சங்கிலிக்காரர் பின்னால் பாய்ந்ததில் உயிர் தப்பியது, கணுக்கால் மடங்கிவிட்டது. வண்டி அப்பளமாக நொறுங்கியது. அதிலிருந்து கழன்ற ஒரு சக்கரம் அத்தனை பேரையும் விட்டுவிட்டு உருண்டுபோய், டைரக்டரின் பூட்ஸ் முன்னால் ஒரு சுற்று சுற்றிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒரு படிவம் உண்டு. அண்ணி அதை முன்பே பார்த்திருக்கிறாள். கடைசியில் "தவறு யாருடையது" என்று கேட்டு இரண்டு கட்டம்: இயக்கியவர், மேற்பார்வையாளர். ஏதாவது ஒன்றில் குறி போட்டே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். கொழுந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணி, நான் நல்லா யோசிச்சுட்டேன். கோபப்படாம கேளுங்க. நீங்க நில் காட்டி நான் நிறுத்தலன்னு ஆச்சுன்னா, எனக்கு வேலை போயிடும். கிரேன் லைசென்ஸும் போயிடும். நீங்க நில் காட்டலன்னு ஆச்சுன்னா, உங்களுக்கு ரோஸ் தொப்பி மட்டும்தான் போகும். மஞ்சள் தொப்பி இருக்கும்."

"நான் காட்டினேன்ல? நீ பாத்தேல்ல?"

அவன் தட்டைப் பார்த்தான். "பாத்தேன். ரெண்டு கையையும் பாத்தேன். உங்க கை நில்லுங்குது, வெள்ளைத் தொப்பி தூக்குங்குது. மூளை முடிவு பண்றதுக்குள்ள கால் மணியை மிதிச்சிடுச்சு அண்ணி. பதினோரு வருஷப் பழக்கம்."

அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அக்கா..." என்றாள். அந்த ஒரு வார்த்தையே பாரமாக இருந்தது.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் இறங்கித்தான் ஆகணும்னா, படியில நிக்கறவங்க இறங்கினா அடி படாது. மாடியில இருக்கறவன் குதிச்சா கால் போயிடும்" என்றாள் மாமியார். அத்தை எப்போதும் நியாயமாகத்தான் பேசுவாள். அதுதான் சிக்கல்.

அண்ணி கணவனைப் பார்த்தாள். அவன் தண்ணீர் டம்ளரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். "ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் நீ. என்னை எதுவும் கேக்காத. நீ எது செஞ்சாலும் நான் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

"குத்தம் சொல்லாம இருக்கறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க" என்று எழுந்து போய்க் கை கழுவினாள்.

ஆனாலும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். நில் காட்டவில்லை என்று சொல்லிவிடுவது. போனால் போகிறது, ஒரு தொப்பிதானே. அத்தை சொன்ன கணக்கில் பிசகு இல்லை.

ஒன்பதரைக்குப் புதுச் சங்கிலி வாங்க ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணி, உங்க சரக்கு வந்திருக்கு. எங்க வைக்கறதுன்னு தெரியல."

சுவர் ஓரமாகப் பதினொரு அட்டைப் பெட்டி. ஒன்றைத் திறந்தாள். ரோஸ். அடுத்ததும் ரோஸ். எல்லாம் அளவெடுத்துச் செய்தவை, ஒவ்வொன்றின் உள்பட்டையிலும் பட்டியலில் இருந்த பெண்ணின் எண். மூன்றாம் எண், தகடு வெட்டுகிற பிரிவில் இருக்கும் சின்னப் பெண், நேற்று அவள் முன்னால் வந்து நின்று, "உங்க பின்னாடியே நானும் வந்துடுவேன் அக்கா" என்று சொல்லிச் சிரித்தவள். அண்ணி அந்தத் தொப்பியைக் கையில் எடுத்தாள். இறகு மாதிரி இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் நான்கு டன்னுக்குக் கீழே நின்று, இரண்டு கையையும் விரித்து நில், நில் என்று ஆட்டுவாள். மேலே இருப்பவன் வேறொரு வெள்ளைத் தொப்பியைப் பார்த்து மணியை மிதிப்பான். அன்றைக்கும் கணுக்காலோடு போகும் என்று யார் எழுதிக் கொடுத்தது?

"என்ன அண்ணி, சிறுசா போச்சா?" என்றார் ஸ்டோர்காரர்.

"இல்லண்ணே. அளவு ரொம்பச் சரியா இருக்கு."

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் டைரக்டர், ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் மனிதவள மேடம். எதிரே கொழுந்தனும் அண்ணியும், சுவரை ஒட்டிக் கண்ணாடிக்காரர். மேடத்தின் முன்னால் கோப்புக்கு மேல் பெரிய அளவில் ஒரு படம் அச்சிட்டுக் கிடந்தது. அழுது முடித்த முகம் அவருக்கு. அண்ணி படத்தைப் பார்ப்பதைக் கவனித்து, தாழ்ந்த குரலில், "நேத்தே போஸ்டருக்கு அனுப்பிட்டேன். எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க. இதுக்கப்புறம்..." என்று நிறுத்திக்கொண்டார்.

படத்தில் ரோஸ் தொப்பியோடு அண்ணி இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள். கீழே பெரிய எழுத்தில்: "இரு கரம் விரித்து வரவேற்கிறோம்."

மேனேஜர் படிவத்தை விரித்துப் பேனா மூடியைத் திறந்தார். முதலில் கொழுந்தனைக் கேட்டார். "கிரேன் ஓட்டும்போது மேற்பார்வையாளர் 'நில்' காட்டினாங்களா?"

கொழுந்தன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "காட்டல சார்" என்றான். காது நுனி சிவந்துவிட்டது.

"உங்க கிட்டயும் அதே கேள்விதான்" என்று மேனேஜர் அண்ணி பக்கம் திரும்பினார். பேனா மேற்பார்வையாளர் கட்டத்துக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பக்கத்தில் கொழுந்தன் மூச்சு விடுவது கேட்டது.

"காட்டினேன் சார்" என்றாள்.

கொழுந்தனின் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்ப ஓட்டுநர் பொய் சொல்றாரா?"

"அவருக்கு வேலை போயிடும்னு பயம் சார். வீட்டுல ஏழு மாசப் புள்ளத்தாச்சி. பயத்துல சொன்னதைத் தனியா வச்சுக்குவோம். நான் நில் காட்டினேன். அவர் நிக்கல. நிக்கக் கூடாதுன்னுதான் பலகையில எழுதியிருக்கு. என் தலையில இருக்கறது வெள்ளைத் தொப்பி இல்ல."

"என்னம்மா இது புதுக் கதை? அப்ப ஏழு வாரம் எப்படி வேலை நடந்தது?"

"என் கையால நடக்கல சார். என் வாய் சொல்லும், கண்ணாடிக்காரர் சார் கை தூக்குவார். நேத்து அவரைத் தூண் பக்கம் நிக்கச் சொல்லிட்டாங்க. அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கணும். வெக்கத்துல திறக்கல. இவரை மேல போய்ப் பாத்து, இன்னிக்கு மட்டும் என் கையைப் பாருன்னு சொன்னதும் நான்தான். அது என் தப்பு. அதுக்கு ஒரு கட்டம் இருந்தா தாராளமா குறி போடுங்க."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். "அந்தத் தொப்பியாலயா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"நல்ல மனசோட குடுத்தீங்க மேடம். சொல்ல வாய் வரல."

மேனேஜர் விடவில்லை. "சரி. பலகைப்படி அவர் உங்களைக் கேக்கல. அப்ப கிரேன் ஏன் மேல போச்சு? தானா போகுமா? யாரோ ஒரு வெள்ளைத் தொப்பி கை காட்டியிருக்கணுமே? இவர் தூண் பக்கம். நான் அங்கயே இல்ல. யார்?"

அண்ணி எழுந்து மேடத்திடம், "அந்தப் படத்தைக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். வாங்கி, மேசைமேல் டைரக்டர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். விரலைப் படத்தின் மேல் ஊன்றினாள்.

"இது வரவேற்பு இல்ல சார். எங்க கூடத்துல இதுக்குப் பேரு உடனே நில். எந்த மஞ்சள் தொப்பியைக் கேட்டாலும் சொல்வாங்க." விரல் மெல்ல நகர்ந்தது. அவள் தோளுக்குப் பின்னால், வெள்ளைத் தொப்பிக்கு மேலே உயர்ந்த ஒரு கை, நீட்டிய ஆள்காட்டி விரல். "இதுக்குப் பேரு தூக்கு."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளுத்து, "சும்மா இரும்மா, அது சார்..." என்றார்.

டைரக்டர் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் நீண்ட நேரம் பார்த்தார். "நான் போட்டோக்காரரைக் கூப்பிட்டேன்."

"தெரியும் சார். பக்கத்துல நின்ன எனக்குத் தெரியும். முப்பதடி மேல இருக்கறவருக்கு வெள்ளைத் தொப்பியும் வட்டம் போடற விரலும்தான் தெரியும்."

டைரக்டர் கொழுந்தனைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்க. நேத்து மணி அடிச்சீங்களே, யாருக்கு?"

கொழுந்தன் எழுந்து நின்றான். "உங்களுக்கு சார்" என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, "அண்ணி நில் காட்டினாங்க. நான் பாத்தேன்" என்றான்.

பேனா இன்னும் அந்தரத்திலேயே நின்றது. மேனேஜர் இந்தக் கட்டத்தையும் அந்தக் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

"ரெண்டுலயும் போட வேண்டாம். கீழ எழுதுங்க" என்றார் டைரக்டர். சற்று யோசித்து, "என் கைன்னு எழுதணும்னு இல்ல. விருந்தினர் கைன்னு எழுதுங்க."

சுவரோரம் கண்ணாடிக்காரர் இருமினார். அது இருமல்தானா என்று சொல்வதற்கில்லை.

"அந்தப் பலகையை எழுதினது யாரு?"

"நான்தான் சார்." கண்ணாடிக்காரர் தன் மூன்று விரல் கையை முன்னால் கொண்டுவந்தார். "அப்ப அது சரியான சட்டம். வெள்ளைத் தொப்பியைக் கண்டவங்களுக்கும் குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. குடுக்க வேண்டியவங்களுக்குக் குடுக்க மாட்டீங்கன்னும் தெரியாது."

விழுந்த அச்சு இன்னும் கூடத்தின் நடுவில் கிடந்தது. அதை எடுக்காமல் ஒரு வரிசை இயந்திரம் முழுக்க நின்றிருந்தது. வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். போட்டுப் பார்த்தாள். புருவத்தைத் தாண்டி மூக்கில் வந்து நின்றது. மஞ்சள் தொப்பிகள் சில சிரித்தன.

"இதைப் போட்டா அச்சும் தெரியாது, ஆளும் தெரியாது சார்" என்று திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு என் தொப்பி போதும். பலகையை மாத்துங்க."

மேடம் தானே ஸ்டோருக்கு ஓடிப் பெயின்ட் டப்பாவோடு வந்தார். கண்ணாடிக்காரர் கீழே உட்கார்ந்து பழைய வரியை அழித்துவிட்டு எழுதினார். "வெள்ளையோ ரோஸோ, மேற்பார்வையாளர் கையே கை. நில் என்றால் எந்தக் கையும் கை. விருந்தினருக்குப் பச்சை." எழுத்து முன்பு போலவே கோணல்தான். பெயின்ட் காய்வதற்குள் கூடத்திலிருந்த அத்தனை பேரும் மூன்று தரம் வாசித்தார்கள், மேனேஜர் உட்பட.

கொழுந்தன் அவளைத் தாண்டித்தான் ஏணிக்குப் போக வேண்டும். விசாரணை அறையை விட்டு வந்ததிலிருந்து அவன் அவளிடம் பேசவில்லை. ஏணியில் ஏறும்போது ஒரு படியில் நின்றான். திரும்பிப் பார்க்காமல் மேலே போய்விட்டான்.

புதுச் சங்கிலிகள். நான்கு கொக்கியையும் அவளே ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். பிறகு மஞ்சள் கோட்டுக்கு வந்து நின்றாள். கண்ணாடிக்காரர் கேட்காமலே தூண் பக்கம் போய் நின்றுகொண்டார். தொலைவில் தகடு வெட்டுகிற பிரிவின் கதவோரம் பெண்கள் சிலர் நின்றார்கள். மூன்றாம் எண்காரியும் இருந்தாள்.

விரலை நீட்டி வட்டம் போட்டாள். மணி. அச்சு தரையை விட்டு எழுந்தது. சாண். முழம். முழங்கால். கொக்கிகளில் குறை ஒன்றும் இல்லை, நிறுத்தக் காரணமே இல்லை. ஆனாலும் இடுப்பு உயரத்தில், நேற்று நழுவிய அதே உயரத்தில், அண்ணி இரண்டு கையையும் விரித்தாள்.

மணி அடித்தது.

அவள் மணியை நம்பவில்லை. அச்சைப் பார்த்தாள். நின்றிருந்தது.